பின்சீட்டில் ஏறிய மேடு

அத்தியாயம் 9

போன வாரம் அம்மா சொன்ன அந்த ஒரு வரியை நான் இன்னும் முழுங்கி முடிக்கவில்லை.

"உங்க அப்பாவை நான்தான்டீ கொன்னேன்."

சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். சுவரைத் தடவிக்கொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் தம்பியும் பேய் அறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அப்பா போய் ஆறு வாரம் ஆகிறது. அன்றிலிருந்து நானும் அம்மா வீட்டிலேயே தங்கியிருக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சட்டைக்கு நாலு பொத்தான் போட்டு ஐந்தாவது போடுவதற்குள் கட்டிலில் அப்படியே சாய்ந்துவிட்டார். அதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல அம்மாவை நீளவண்டியில் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

நீளவண்டி என்று எங்கள் வீட்டில் சொல்வது, முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிளை. அம்மாவுக்குக் கண் போய் ஐந்து வருஷம். தையல் கடையில் துணி வெட்டுகிற வேலை பார்த்தவள். கத்திரி போட்டால் ஒரு நூல் தப்பாது. கண்ணுக்குள் அழுத்தம் என்று டாக்டர் கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் கைமீறிப் போய்விட்டது. அப்புறம் இரண்டு வருஷம் மூலையில் உட்கார்ந்து ரேடியோவைத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ரிடையர் ஆனதும் முதல் காரியமாக எங்கிருந்தோ இந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவர்.

"இனிமே எனக்கு ஒரே ஒரு பயணிதான். டிக்கெட்டும் கிடையாது, சில்லறைச் சண்டையும் கிடையாது" என்றார்.

அந்தப் பூங்காவில் கார் கிடையாது, பஸ் கிடையாது, ஸ்கூட்டர்கூட நுழைய முடியாது. புல்வெளியும் ஏரியும் மரமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கிறது. நடுவில் சைக்கிளுக்கென்றே போட்ட பாதைகள். நீல அம்பு போட்டது ஏரியைச் சுற்றி நாலு கிலோமீட்டர். மேசையைப் போலச் சமதளம். சிவப்பு அம்பு மேட்டுக்குப் போவது. பன்னிரண்டு கிலோமீட்டர், ஏற ஏற முட்டி கழன்றுவிடும்.

அம்மாவும் அப்பாவும் மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் சிவப்பு அம்பில்தான் போனார்கள். அதை அம்மா சொல்லாத ஆள் கிடையாது. தப்பான நம்பர் என்று போனை வைக்கப் போகிறவனைக்கூடப் பிடித்து வைத்து, "எனக்குக் கண்ணு தெரியாது தம்பி, ஆனா வாராவாரம் மேடு ஏறறேன்" என்பாள்.

அந்தக் கடைசி ஞாயிறு அப்பாவுக்கு மூச்சு வாங்கியதாம். நடுவில் செயின் கழன்றுவிட்டது என்று நிறுத்தினாராம். அம்மா சும்மா இருப்பாளா? "மேடு வந்தாலே என்னை மிதிக்க விட்டுட்டு நீங்க சொகுசா வருவீங்க, இன்னிக்காவது ஒழுங்கா மிதிங்க" என்று விரட்டியிருக்கிறாள். இரண்டே நாளில் ஆள் இல்லை. அதனால்தான் அந்த வரி.

இதில் என் பங்கும் ஒன்று இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள். மூன்று வருஷம் முன்னால் அப்பா என் ஜன்னலுக்கு வந்து ஒரு சீட்டை நீட்டினார். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. மேடு ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். "உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ மறுபடியும் மூலையில உக்காந்துடுவா. வாயைத் திறக்காதே" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அம்மா லேபிளைப் படிக்கப் போகிறாளா என்ன.

மேடு ஏறாதீங்க என்று கெஞ்சினேன், சண்டை போட்டேன். "சரி சரி" என்பார். ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில், "இன்னிக்கும் ஏறிட்டோம்டீ" என்பாள். உடனே அப்பாவுக்குப் போன் போட்டு மறுபடி சண்டை பிடிப்பேன்.

இப்போது அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், "நோயாளி மனுஷனைப் போய் மேடு ஏத்திட்டேனே" என்று இன்னும் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால், நல்லா இருந்தவரைக் கொன்றுவிட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். வேளைக்கு இரண்டு வாய்கூட இறங்குவதில்லை. உடம்பு பாதியாகிவிட்டது. இப்படியே போனால் இன்னொரு கட்டிலையும் காலி பண்ண வேண்டியதுதான். என் நிலைமை அப்படி இருந்தது.

இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்து வந்தால், அம்மா ஷூ போட்டுக்கொண்டு வாசல் பக்கத்து நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்கேம்மா?"

"பூங்காவுக்கு. சின்னவன் முன்னாடி உக்காரட்டும். அந்த மேட்டை நான் இன்னொரு தடவை ஏறணும்."

"இப்போ எதுக்கு?"

"அவருக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு என் காலுக்குத் தெரியணும். நான் அன்னிக்கு அதை யோசிக்கவே இல்லை."

தம்பி பல் தேய்த்துக்கொண்டே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பதினாலாவது மாடியில் பெட்டியின் தலையில் நின்று வேலை செய்கிற பயல். பயம் என்றால் என்ன விலை என்பான். அன்றைக்கு அவன் மூஞ்சி விழுந்துவிட்டது.

"டயர்ல காத்து இருக்காதும்மா" என்றான்.

"அங்கே மெக்கானிக் இருக்காரு. அடிச்சுக் கொடுப்பாரு."

"எனக்கு அந்த வண்டி ஓட்டத் தெரியாது."

"நீ பதினாறு வயசுல என்னை உக்கார வெச்சு ஓட்டினியேடா, ஊரெல்லாம்."

"அது வேற சைக்கிள். அம்மா, வேண்டாம். இன்னொரு நாள் போகலாம்."

எனக்குக் கோபம் வந்தது. அப்பா போனதிலிருந்தே இவன் இப்படித்தான், பூங்கா என்ற வார்த்தையே காதில் விழக் கூடாது. பொறுப்பு என்று வந்தால் நழுவிவிடுவான், கடைசிப் பிள்ளை அல்லவா? "ஆறு வாரம் கழிச்சு இன்னிக்குத்தான் தானா எழுந்து ஷூ போட்டிருக்கா. நீ வாயை மூடிட்டுக் கார்ல ஏறு" என்றேன். வாயைக் கொப்புளித்துவிட்டு வந்து ஏறினான்.

வழியில் நான் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பூங்கா வரை போவோம். காற்று வாங்கட்டும். மேட்டுக்குப் போகும் முன் ஏதாவது சொல்லித் திருப்பிவிடலாம்.

நீளவண்டி எங்கள் வீட்டு லிஃப்டில் நுழையாது. அதனால் பூங்கா வாசலில் வாடகை சைக்கிள் கொட்டகையிலேயே அது நிற்கும். மெக்கானிக் அதை ஒரு துணி போட்டு மூடி வைத்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும், விரல் இடுக்கெல்லாம் கிரீஸ். அம்மாவைப் பார்த்ததும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"வாங்க, பின்சீட்டம்மா" என்றார். துணியை விலக்கி வண்டியை வெளியே உருட்டினார்.

அம்மா கையை நீட்டி வண்டியைத் தேடினாள். ஹேண்டில், பின்சீட், பெடல் என்று ஒவ்வொன்றாகத் தடவினாள். முன்சீட்டுக்கு வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள். தம்பி அவளை ஏரிக்கரை பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

நான் கொட்டகையிலேயே நின்றேன். மெக்கானிக் காற்றடித்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை சுத்து போகப் போறீங்கம்மா? மூணா?"

"சுத்தா? இல்லைங்க, அம்மா மேட்டுக்குப் போகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறாங்க. சிவப்பு அம்பு."

அவர் பம்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேட்டுக்கா? இந்த வண்டியா? டிரைவர் சார் அந்தப் பக்கம் தலைவெச்சே படுத்ததில்லையே. மூணு வருஷமா நீல அம்புதான். ஏரியைச் சுத்தி மூணு சுத்து, திரும்பி வந்துடுவாரு. ஒரு நாள்கூட மேல போனதில்லை."

"அம்மா வாராவாரம் மேடு ஏறினேன்னு சொல்றாங்களே?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். மனுஷனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"உங்களுக்கும் தெரியாதா? நான் வீட்டுல தெரியும்னுல்ல நினைச்சேன். ரெண்டாவது சுத்துல சார் பின்சக்கர பிரேக்கை லேசாப் பிடிச்சுக்குவாரு. விடமாட்டாரு. வண்டி கனத்துப் போகும், பின்னாடி இருக்கிறவங்களுக்கு ஏத்தம் ஏறற மாதிரியே இருக்கும். பின்சீட்டுக்குப் பிரேக் கிடையாது பாருங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்? சார் காலைச் சும்மா வெச்சுட்டு, 'ஏத்தம் வருது, வலது வளைவு, பள்ளம் பாத்து'ன்னு பஸ்ல சொல்ற மாதிரி சொல்லிட்டே போவாரு. அம்மாதான் மூச்சுப் பிடிச்சு மிதிப்பாங்க. கரையில காத்து அடிக்கிற இடத்துல நிறுத்தி, 'உச்சி வந்தாச்சு'ன்னுவாரு. அப்புறம் பிரேக்கை விட்டுடுவாரு. அது இறக்கம்."

"நிஜமாவா?"

"மாசத்துக்கு ஒரு ஜோடி பிரேக் கட்டை தேய்ஞ்சு போகும். சமதளத்துல ஓடற வண்டிக்கு எங்கேயாவது இப்படித் தேயுமா? முதல்ல நான் என் மேலேயே சந்தேகப்பட்டேன். அப்புறம்தான் சார் வாயைத் திறந்தாரு. 'உடம்புக்கு முடியல, ஆனா அவ மேடு ஏறினேன்னு சொல்றப்போ முகத்தைப் பாக்கணும்'னாரு."

நான் அங்கே கிடந்த ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷம் இந்த மனுஷனோடு போனில் மல்லுக்கட்டியிருக்கிறேன். "சரி சரி" என்று சொன்னவர் நிஜமாகவே சரியாகத்தான் இருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். மெக்கானிக் கைதுடைக்கிற துணியை நீட்டினார். அதில் இருந்த கிரீஸ் என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் அம்மா அப்பாவை மேடு ஏற்றவே இல்லை. அவள் எதையும் செய்யவில்லை. இதைச் சொன்னால் அவள் நெஞ்சிலிருந்து அந்தக் கல் இறங்கிவிடும்.

ஆனால் சொன்னால் இன்னொன்றும் போய்விடும். கண் போனபிறகு அவளுக்கென்று இருந்தது அந்த மேடு ஒன்றுதான். அது ஏரிக்கரைச் சமதளம், நீ ஏறியது பிரேக்கை என்று எந்த வாயால் சொல்வது?

தம்பியைத் தனியாக அழைத்துச் சொன்னேன். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது.

"அக்கா, அதை அம்மாகிட்ட சொல்லாதே."

"ஏன்டா? நான் கொன்னேன் நான் கொன்னேன்னு உக்காந்திருக்கா. சாப்பிடாம சாகப் போறா."

"வேண்டாம்னா வேண்டாம்."

"காரணம் சொல்லு."

கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அம்மாவின் பெருமை போய்விடுமே என்று தவிக்கிறான் என நினைத்தேன். பெருமையா உயிரா என்றால் நான் உயிரைத்தான் பார்ப்பேன். என் வேலை அப்படி. நேரே பெஞ்சுக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் அடைப்பைச் சொன்னேன், சத்து மாத்திரை டப்பாவைச் சொன்னேன். அப்புறம் நீல அம்பு. கடைசியில் பிரேக்.

ஏரியில் வாத்துகள் கத்திக்கொண்டிருந்தன. காற்று அடித்தது. அப்பா உச்சி என்று சொன்ன காற்று இதுதான் போலிருக்கிறது.

"வண்டியைக் கொண்டுவரச் சொல்லு" என்றாள்.

தம்பி முன்னால் ஏறினான். அம்மா பின்னால். பெஞ்சுக்குப் பக்கத்தில் இருபது முப்பது அடி நேரான பாதை.

"உங்க அப்பா பிடிச்ச மாதிரி பிடிடா" என்றாள்.

அவன் பிடித்தான். அம்மா மிதித்தாள். வண்டி முக்கி முனகிக்கொண்டு நகர்ந்தது. நான் பக்கத்திலேயே நடந்தேன். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பத்துத் தடவை மிதித்திருப்பாள், காலை ஊன்றினாள்.

"இதான்" என்றாள். "இதேதான் மேடு."

அப்புறம் ஹேண்டிலின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். ஆறு வாரமாக அழாதவள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள். இன்றைக்குக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நடுவில் ஒரு சிரிப்பு வேறு.

"திருட்டு டிரைவர். மூணு வருஷம். ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சேனே, பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரேடீ, வாய்ல ஈ போறது தெரியாம."

"உன் முகத்தைப் பாக்கணும்னு செஞ்சாராம்."

"என்னைக் கேட்டிருக்கலாமே. ஏரியைச் சுத்தினாலே போதும்னு சொல்லியிருப்பேனே. நான் மேட்டையா கேட்டேன்? அவரு முதுகுக்குப் பின்னாடி உக்காந்து போறதுதானே எனக்கு வேண்டியிருந்துச்சு."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது, அழுதேன்.

கொஞ்சநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தக் கடைசி நாளும் இதேதானா? அன்னிக்கு மட்டும் ரொம்ப ஏத்தமா இருந்துச்சே. நேரமும் கூடவே ஆச்சு. செயின் வேற கழண்டுச்சு. அவருக்கு மூச்சு வாங்கிச்சேடீ, எனக்குக் கேட்டுச்சே."

"பிரேக்கை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருப்பாரும்மா. நீ அன்னிக்கு அவரை விரட்டினே இல்ல, கடுப்புல பிடிச்சிருப்பாரு. மூச்சு அவருக்கு மூணு வருஷமாவே வாங்குது. அது நோயோட மூச்சு. மேடே இல்லாத இடத்துல நீ எப்படி அவரை மேடு ஏத்தியிருக்க முடியும்?"

சட்டென்று வந்தது பதில். என் வாயை நானே மெச்சிக்கொண்டேன். தம்பி, "தண்ணி கொண்டுவர்றேன்" என்று இறங்கிப் போனான்.

அம்மா யோசித்தாள். அவள் தோள் மெல்ல மெல்லக் கீழே இறங்குவதை நான் பார்த்தேன். துணி வெட்டிக் களைத்துக் கடையிலிருந்து வரும்போது அப்படித்தான் தோளைத் தொங்கவிட்டு நிற்பாள்.

"பையில என்ன வெச்சிருக்கே?" என்றாள்.

ரொட்டியும் வேகவைத்த முட்டையும் இருந்தன. ஒரு முட்டை, அப்புறம் இன்னொன்று, மூன்று துண்டு ரொட்டி. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், அவளுக்குத் தெரியாமல். எனக்கு உயிர் போய் உயிர் வந்த மாதிரி இருந்தது.

"சரி, கிளம்புடா" என்றாள் தம்பியிடம். "ஏரியைச் சுத்திட்டு வரலாம். பிரேக்கைத் தொட்டே, முதுகுல ரெண்டு வெப்பேன்."

இருவரும் போனார்கள். வளைவு வரை அவள் குரல் கேட்டது. "பள்ளம் இருந்தா சொல்லுடா, ஊமை மாதிரி ஓட்டாதே." நான் ரொட்டி டப்பாவைக் கழுவிக்கொண்டு குழாயடியில் நின்றேன். ஆறு வாரத்தில் அந்தப் பத்து நிமிஷம்தான் நான் நிம்மதியாக இருந்தது. அதை எழுதும்போதே எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

தள்ளுவண்டியில் காய்ந்த இலைக் குவியலோடு ஒரு பெண் வந்தார். பூங்காச் சீருடை, கையில் நீளத் துடைப்பம். பாதை பெருக்குகிறவர். தண்ணீர் குடிக்க நின்றவர், போன நீளவண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தம்மாவோட பொண்ணா நீங்க? ஐயா தவறிட்டாருன்னு மெக்கானிக் சொன்னாரு. மனசே ஆறலைங்க. அன்னிக்கே நினைச்சேன்."

"என்னிக்கு?"

"மேல, அந்த மூணாவது வளைவுல. நான் அங்கே பெருக்கிக்கிட்டு இருந்தேன்."

டப்பா மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்த என் கை நின்றது. "அவர் மேல போனதில்லைன்னு மெக்கானிக் சொன்னாரே."

"அன்னிக்கு மெக்கானிக்குக்கு லீவுங்க. ஏரிக்கரைப் பாதையில மதகுகிட்ட மண்ணு சரிஞ்சு போச்சு. நீல அம்பை மூடிட்டாங்க. சிவப்பு மட்டும்தான் திறந்திருந்துச்சு. ஐயா அடைப்புக்கிட்ட ரொம்ப நேரம் நின்னாரு. அந்தம்மா பின்னாடி உக்காந்துக்கிட்டு, 'ஏன் நிக்கறீங்க, இன்னிக்கு மேடு கிடையாதா'ன்னு சிரிக்கறாங்க. அப்புறம் திருப்பி மேல விட்டுட்டாரு."

என்ன சொல்லித் திரும்பிப் போயிருக்க முடியும் அவரால்? வாராவாரம் ஏறுகிற மேடு. இன்றைக்கு மட்டும் ஏன் முடியாது என்று கேட்டால்?

அந்தப் பெண் தொடர்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூணாவது வளைவுல நிறுத்தினாரு. 'செயின் கழண்டுச்சு'ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு ரோட்டோரமா குந்திட்டாரு. செயினெல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. நெஞ்சை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, வேர்வை சொட்டச் சொட்ட, என்னைப் பாத்து வாயில விரலை வெச்சுக் காட்டினாரு. சத்தம் போடாதேன்னு. நான் தண்ணி கொடுத்தேன். கால் மணி நேரம் இருக்கும். அந்தம்மா பாவம், 'என்ன செயின் மாட்டத் தெரியாத டிரைவர்'ன்னு கேலி பண்ணிக்கிட்டே இருந்தாங்க. இவரும் குந்தினபடியே பதிலுக்குக் கேலி பேசறாரு. அப்புறம் வண்டியைத் திருப்பி, மெதுவா இறக்கத்துல விட்டாரு. இறங்கறப்போ பாடிக்கிட்டே போனாரு."

நான் குழாயை மூடினேன். அது மூடவில்லை, மறுபடி மூடினேன். அம்மா ஏற்றியிருக்கிறாள். தெரியாமல், சிரித்துக்கொண்டே, ஏற்றியிருக்கிறாள். அவள் காதில் விழுந்தது சரி. அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி. நான்தான் பிரேக், கடுப்பு என்று கதை கட்டி, சாப்பிட வைத்து, வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

"இதை எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? உங்க வீட்டுல எல்லாருமே இதையேதான் சொல்றீங்க. அன்னிக்குப் போன்ல அந்தத் தம்பியும் இதையேதான் சொன்னாரு."

"எந்தத் தம்பி?"

"ஐயா போனை என் கையில கொடுத்து, 'சின்னவன்'னு இருக்கிற நம்பருக்குப் போடச் சொன்னாரு. நான்தான் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினேன். இந்த மாதிரி நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்காருன்னு சொன்னேன். 'சரிங்க, நான் பாத்துக்கறேன், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்'னாரு."

அவர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை போன். செவ்வாய்க்கிழமை காலை அப்பா போனார். நடுவில் ஒரு முழுத் திங்கட்கிழமை இருந்தது. என் ஆஸ்பத்திரி அப்பா வீட்டிலிருந்து இருபது நிமிஷம். என் போன் திங்கட்கிழமை முழுக்க என் பையில்தான் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

நீளவண்டி வளைவில் திரும்பி வந்தது. அம்மாவின் முகம் சிவந்து, ஹெல்மெட்டுக்குக் கீழே முடி கலைந்து, ஆறு வாரத்துக்கு முந்திய அம்மாவாக வந்தாள். கொட்டகை முன்னால் நிறுத்தியதும் காலை ஊன்றினாள். தம்பி இறங்கி அவள் கையைப் பிடித்தான்.

"பெரியவளே, இங்கே வா" என்றாள்.

போனேன். என் கையைத் தேடிப் பிடித்தாள். உள்ளங்கை சூடாக இருந்தது.

"சுத்தி முடிக்கிற வரைக்கும் அதையேதான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். எனக்கு இன்னொரு தடவை வாயால சொல்லிடு. அந்தக் கடைசி நாள், உங்க அப்பா மேட்டுக்குப் போகல. அப்படித்தானே?"

"போகலம்மா" என்றேன்.

அதே வார்த்தை, அதே நேரத்தில், தம்பி வாயிலிருந்தும் வந்தது.

நான் அவனைப் பார்த்தேன். அவனும் நிமிர்ந்து பார்த்தான். நான் தெரிந்தேதான் பொய் சொன்னேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் சொன்னதும் பொய் என்று எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்துவிட்டது. அவன் கண் கலங்கியது. அம்மா எங்கள் நடுவில் நின்று, ஒரு கையில் அவனையும் ஒரு கையில் என்னையும் பிடித்துக்கொண்டிருந்தாள். சத்தமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்பாடா" என்றாள். "இனிமே தூங்குவேன்."

அப்புறம் ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நிஜ மேட்டுக்குப் போகலாம்டா சின்னவனே. மெதுவா, நின்னு நின்னு போனாலும் பரவாயில்லை. மூணு வருஷம் வாயால ஏறினேன், ஒரு தடவை காலால ஏறணும். அது எப்படித்தான் இருக்குன்னு எனக்கு இன்னும் தெரியாதே."

அன்றைக்கு நிஜமாகவே ஏறின கால் அது. அந்த மூன்று வளைவும் அதற்குத் தெரியும். இங்கே முன்பே வந்திருக்கிறோம் என்று முதல் வளைவிலேயே அவளிடம் சொல்லிவிடும்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அம்மா எங்கள் இரண்டு பேர் கையையும் ஆட்டிக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தாள்.

"சரிம்மா, போகலாம்" என்றேன்.